செடி கேட்டால் மண்ணைக் கேட்கும் நர்சரி

வண்டலூர்–கேளம்பாக்கம் சாலையிலிருந்து பிரிந்து உள்ளே போகும் மண்பாதை ஒன்றின் கோடியில் இருக்கிறது இந்த நர்சரி. பெயரை எழுத வேண்டாம் என்று உரிமையாளர் கேட்டுக்கொண்டார். படித்துவிட்டுக் கூட்டம் வந்தால் செடிகளுக்குத் தண்ணீர் விடக்கூட நேரம் இருக்காது என்பது அவர் கவலை. வெளியே பலகையும் கிடையாது. தேடிப் போகிற உறுதி உள்ளவர்களுக்கு அந்தப் பக்கத்து டீக்கடையில் வழி சொல்லிவிடுவார்கள்.

ரோஜா, போகன்வில்லா, மணிபிளான்ட் வாங்குகிறவர்கள் அந்தச் சிரமத்தை எடுத்துக்கொள்ள வேண்டாம். தென்சென்னையின் குன்றுகளிலும் புதர்க்காடுகளிலும் ஏரிக்கரைகளிலும் தானாக வளர்கிற மரம், செடி, கொடி, புல் மட்டும்தான் அங்கே விற்பனைக்கு. புல்லையுமா காசு கொடுத்து வாங்குவார்கள் என்று கேட்பவர்கள் எங்கள் குடியிருப்போர் நலச் சங்கத்திலேயே பாதிப் பேர் இருக்கிறார்கள். இதை எழுத உட்கார்ந்ததற்கு அவர்களும் ஒரு காரணம்.

நான் ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியை. எண்பதுகளில் என் கணவரும் நானும் ஆப்பிரிக்காவில், ஜாம்பியா நாட்டின் தென்மாகாணத்தில் பள்ளி ஆசிரியர்களாக இருந்தோம். விடுமுறை விட்டால் கஃபுவே தேசியப் பூங்காவுக்குக் கிளம்பிவிடுவோம். 22,400 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டின் ஆறில் ஒரு பங்குக்கும் அதிகம். அவருக்குச் சிங்கம் பார்க்க வேண்டும், எனக்கு மரம் பார்க்க வேண்டும். இந்த நர்சரியை நான் கொஞ்சம் கூடுதலாகவே புகழ்வதாகத் தோன்றினால், அந்தப் பழைய பைத்தியத்தைக் கழித்துக்கொண்டு படிக்கவும்.

மற்ற நர்சரிகளில் செடிகளை விலைப்படி வைத்திருப்பார்கள், அல்லது தொட்டியின் அளவுப்படி. இங்கே நிலத்தின்படி வைத்திருக்கிறார்கள். உடைந்த ஓட்டுத் துண்டுகளில் சுண்ணாம்பால் எழுதி நட்டிருக்கிறார்கள்: சரளை மேடு, புதர்க்காடு, ஏரி ஓரம், கடற்கரை மணல். குறிஞ்சி, முல்லை என்று ஆரம்பித்து ஒரு சொற்பொழிவும் வைத்திருப்பார்களோ என்று பயந்துகொண்டே உள்ளே போனேன். நல்லவேளை, அப்படி எதுவும் இல்லை. உரிமையாளர் முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கிற இளைஞர், அதிகம் பேசாதவர். ‘கொன்றை இருக்கிறதா தம்பி?’ என்று கேட்டேன். ‘எந்த மண்ணுக்கு அம்மா?’ என்றார். அத்துடன் எங்களுக்குள் ஒத்துப்போய்விட்டது.

சரளை மேட்டுப் பகுதி நல்ல வெயிலில் கிடக்கிறது. உசில், வெள்வேல், ஆத்தி ஆகிய மரக்கன்றுகள் தள்ளித் தள்ளி நிற்கின்றன. அவற்றுக்கு இடையே விராலி, ஆவாரை. மீதி இடமெல்லாம் ஊசிப்புல்லும் காவட்டம்புல்லும். மரத்துக்கு மரம் இடைவெளி விட்டு, அந்த இடைவெளியைப் புல்லுக்குக் கொடுத்திருக்கிறார்கள். பத்தடி தள்ளிப் புதர்க்காட்டுப் பகுதிக்கு வந்தால் வேறு ஊருக்கு வந்தது போல இருக்கிறது. நிழல்வலைக்குக் கீழே வீரை, காசான், உலக்கைப்பாலை, காட்டு எலுமிச்சை, களா, காரை எல்லாம் தோளோடு தோள் உரசிக்கொண்டு நிற்க, எல்லாவற்றின் மேலும் சூரைமுள் ஏறிப் படர்ந்திருக்கிறது. இலைகளைத் தொட்டுப் பார்த்தால் கெட்டியாக, தோல் போல இருக்கும். கோடையிலும் மொத்தமாக உதிர்வதில்லை. சோழமண்டலக் கரைக்கே உரிய இந்தக் காட்டை, வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு என்று, 1968இல் வெளியான இந்தியக் காடுகளுக்கான சாம்பியன்–சேத் வகைப்பாடு தனி வகையாகக் காட்டியது. இன்று அது மிச்சமிருப்பது பெரும்பாலும் கோயில் காடுகளில்தான்.

இரண்டையும் ஒரே இடத்தில் உயிரோடு பார்க்க விரும்புகிறவர்கள் கிண்டிக்குப் போகலாம். 1978இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட அந்த 2.7 சதுர கிலோமீட்டருக்குள் புதர்க்காடும் இருக்கிறது, திறந்த புல்வெளியும் இருக்கிறது. வெளிமானுக்கு வெட்டவெளி வேண்டும். ஓடித் தப்பிக்கிற பிராணி, நாலாபுறமும் கண்ணுக்குத் தெரிந்தால்தான் அதற்கு நிம்மதி. புள்ளிமானுக்குப் புதர் பக்கத்திலேயே வேண்டும். புல்வெளியைப் பார்த்து ‘காலி இடம்’ என்று நினைத்து மரம் நட்டு நிரப்பினால் வெளிமானுக்குப் போக்கிடம் இல்லை. காடு என்றால் அடர்த்தி என்று நம் பிள்ளைகளுக்கு நாமே சொல்லிக் கொடுத்திருக்கிறோம். வெட்டவெளியாகப் புல்லும் நடுநடுவே மரமுமாகக் கிடக்கும் நிலம் அரசு ஏடுகளில் எளிதாகத் தரிசு ஆகிவிடுகிறது. ஜாம்பியாவில் அதைத்தான் பார்க்க உலகமே டிக்கெட் எடுத்து வருகிறது.

நர்சரியின் சரளை மேட்டுப் பகுதியில் ஒரு செடிப் பையைக் கண்டதும் நின்றுவிட்டேன். விடத்தேரை. அதன் பூங்கொத்து காம்பிலிருந்து தலைகீழாகத் தொங்கும். மேல்பாதி இளஞ்சிவப்பு, கீழ்பாதி மஞ்சள். இதே இனம், அச்சு மாறாமல், ஜாம்பியாவில் எங்கள் பள்ளி வேலிக்கு வெளியே நின்றது. சொட்டைக்களாவும் அப்படித்தான், அங்கேயும் உண்டு இங்கேயும் உண்டு. விராலியும் அதே கதை. இரண்டு கண்டங்களின் வெட்டவெளிக் காடுகளுக்கும் இவ்வளவு உறவு இருப்பது பாடப்புத்தகத்தில் படித்த விஷயம்தான். ஆனால் கேளம்பாக்கம் சாலையில் எண்பது ரூபாய்க்குக் கிடைக்கும் என்று நினைக்கவில்லை. இரண்டு வேண்டும் என்றேன். ஒன்றுதான் தருவேன் என்றார். வேரிலிருந்தே முளைத்துப் பரவும் செடி இது. மேய்ச்சல் அதிகமாகிப் புல் அழிந்த இடங்களில் தென் ஆப்பிரிக்காவின் மேய்ச்சல் நிலங்களையே மூடியிருக்கிறது, கியூபாவில் விவசாய நிலத்தையும் விட்டுவைக்கவில்லை. எனக்குத் தெரிந்ததை அவரும் தெரிந்து வைத்திருந்தார். விற்க மறுக்கிற கடைக்காரரை நான் மதிக்கிறேன்.

இனி இந்த நர்சரியின் உண்மையான சரக்குக்கு வருகிறேன். செடியைவிட அவர்கள் செய்யும் நில ஆய்வுதான் அது. 1,500 ரூபாய். வாங்கும் செடிகளின் விலையில் அதைக் கழித்துக்கொள்கிறார்கள்.

எங்கள் குடியிருப்பின் பின்பக்கம் இரண்டு கிரவுண்டு நிலம். 2016 டிசம்பரில் வர்தா புயல் குல்மொஹர் மரங்களை வரிசையாகச் சாய்த்த பிறகு, வேலிகாத்தான் முளைத்துக் கிடந்த இடம். ஒரு பக்கம் குன்றின் அடிவாரம். பல்லாவரம், திரிசூலம் பக்கமெல்லாம் உடைத்தார்களே, அதே சார்னோகைட் பாறை உதிர்ந்த சரளை. மறுபக்கம் தாழ்வு, கார்த்திகையில் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கும். அவர் கடப்பாரையோடு வந்தார். மேடு, நடு, பள்ளம் என்று மூன்று இடத்தில் முழங்கை ஆழத்துக்குக் குழி எடுத்தார். ஒவ்வொன்றிலும் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மேட்டில் ஊற்றிய தண்ணீர் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் காணாமல் போனது. பள்ளத்துக் குழியில் மாலை வரை கிடந்தது. பிடி மண்ணை எடுத்து ஈரமாக்கி விரலால் நீட்டிப் பார்த்தார். மேட்டு மண் உதிர்ந்துவிட்டது, பள்ளத்து மண் நூலாக நீண்டது.

ஒரே சரிவில் மேலிருந்து கீழே மண் மாறுவதையும், அதன் பின்னாலேயே செடிகொடிகள் மாறுவதையும் 1930களில் கிழக்கு ஆப்பிரிக்காவில் ஜெஃப்ரி மில்ன் என்ற மண்ணியலாளர் விளக்கினார். கஃபுவேயில் ஜீப்பில் உட்கார்ந்தபடியே அதைப் பார்க்கலாம். தண்ணீர் வடியும் மேட்டில் மியோம்போ காடு. மழைக்கு முன்பே, செப்டம்பர் அக்டோபரில், செம்புச் சிவப்பில் தளிர்விடும் மரங்கள். கீழே இறங்கினால், மழைக்காலம் முழுக்கத் தண்ணீர் தேங்கும் டம்போ என்ற புல்தாழ்வு. வேருக்கு மூச்சு முட்டுவதால் அங்கே மரம் பிழைப்பதில்லை. பூங்காவின் தெற்கே களிமண் தரையில் மொப்பானே மரம் தன்னந்தனியாக ஆட்சி செய்கிறது. இரட்டை இலையை நடுப்பகல் வெயிலில் மடித்துக்கொள்ளும், அதனால் அதன் நிழலில் ஒதுங்கியும் பயனில்லை. வகுப்பில் இதற்காகப் படம் போட்டுப் போட்டுச் சாக்பீஸ் தேய்ந்திருக்கிறேன். சென்னையில் இரண்டு கிரவுண்டு நிலத்துக்குள் அதே பாடத்தை ஒருவர் கடப்பாரையால் நடத்தியதைப் பார்த்தபோது 1,500 ரூபாய் பெரிதாகத் தெரியவில்லை.

நிலத்தின் நடுவே ஒரு கரையான் புற்று. சங்கத்தில் ஒரு தரப்பு இடித்துவிட வேண்டும் என்றது. இன்னொரு தரப்பு மஞ்சள் குங்குமம் வைத்துப் பாலூற்ற ஆரம்பித்திருந்தது. நர்சரிக்காரர் இரண்டு தரப்பிடமும் பேசாமல், புற்றைச் சுற்றிப் பத்தடி வட்டம் போட்டு, புதர்க்காட்டுச் செடிகள் அத்தனையும் இதற்குள்ளேதான் என்று சொல்லிவிட்டார். சரியான முடிவு. கரையான் அடியிலிருந்து களிமண்ணையும் சுண்ணாம்புச் சத்தையும் மேலே கொண்டுவந்து குவிக்கிறது. ஜாம்பியாவில் புற்றுகள் சிறு குன்று அளவுக்கு வளரும். சுற்றிலும் மரங்கள் இலை உதிர்த்து மொட்டையாக நிற்க, புற்றின் மேல் மட்டும் பச்சைப் புதர் அடர்ந்திருக்கும். தண்ணீர் தேங்கும் இடத்தில் அந்த மேடுதான் மரக்கன்றுக்குப் புகலிடம். எங்கள் புற்று இடுப்பளவுதான். இருந்தாலும் வீரையும் காசானும் அங்கே நன்றாகப் பிடித்துக்கொண்டன. பாலூற்றுகிறவர்களுக்கும் மனக்குறை இல்லை.

பள்ளத்துக்கு நீர்மருது, நீர்க்கடம்பு, ஓரத்தில் வெட்டிவேர், கோரை. அதில் சொல்ல எதுவும் இல்லை, வைத்தோம், வந்தது.

வாதம் எல்லாம் மேட்டுப் பகுதியைப் பற்றித்தான். சங்கத்தின் இளையவர்கள் மியாவாக்கி முறை கேட்டார்கள். சதுர மீட்டருக்கு மூன்று, நான்கு கன்றுகளை நெருக்கி நட்டு வேகமாகக் காடு வளர்க்கும் ஜப்பானிய முறை. 2020இலிருந்து மாநகராட்சியும் பல இடங்களில் செய்திருக்கிறது. அந்த முறைக்கு நான் எதிரி இல்லை. குப்பை மேடாகக் கிடந்த இடத்தில் நிழல் வேண்டுமென்றால் தாராளமாகச் செய்யலாம். சரளை மேட்டின் ஆவாரையும் ஊசிப்புல்லும் வெயில் குடித்து வாழ்பவை. நிழல் மூடினால் முதலில் சாவது அவைதான். புற்றடியில் நெருக்கம், மேட்டில் இடைவெளி என்று நர்சரிக்காரர் பிரித்துக் கொடுத்த திட்டம் கடைசியில் ஒரு வாக்கு வித்தியாசத்தில் நிறைவேறியது.

புல்லைப் பற்றி அவர் எங்களுக்குக் காட்டிய ஒன்றைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்த ஒரு வாக்கை வாங்கிக் கொடுத்ததே அதுதான். ஊசிப்புல்லின் விதை ஒன்றை எடுத்து, எதிர்த்தரப்புப் பெரியவர் ஒருவரின் உள்ளங்கையில் வைத்தார். முனை கூராக, மேலே ரோமம் படிந்து, பின்னால் விரல் நீளத்துக்கு ஒரு கறுத்த வால். அந்த வால் கயிறு போல முறுக்கிக்கொண்டு, பாதியில் முழங்கால் மாதிரி மடங்கியிருந்தது. இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டார். சில நொடிகள் எதுவும் இல்லை. பிறகு முறுக்கு அவிழ ஆரம்பித்தது. வால் கடிகார முள்ளைப் போல மெதுவாகச் சுற்ற, விதை உள்ளங்கையில் புரண்டு புரண்டு விரலிடுக்கைத் தேடிப் போய் முனையைச் செருகிக்கொண்டது. பெரியவர் கையை உதறிவிட்டுச் சிரித்தார். ஈரம் பட்டால் அவிழும், காய்ந்தால் மறுபடி முறுக்கும். அப்படியே மண் வெடிப்புக்குள் தன்னைத் தானே திருகி நட்டுக்கொள்ளும் விதை அது. முனைக்குப் பின்னால் இருக்கும் ரோமங்கள் பின்னோக்கிச் சாய்ந்திருப்பதால் நுழைந்தது வெளியே வராது. ஆட்டு மந்தைக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். கம்பளித் தோலுக்குள் ஏறிவிட்டால் பெரும்பாடு. வேட்டி கட்டியவர்களும் மேட்டுப் பக்கம் கவனமாகப் போகவும்.

இனிக் குறைகள். அவை சிறியவை அல்ல.

புரட்டாசிக் கடைசியில், வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் செடிகள் வந்துசேரும் என்றார். அந்த மழையை நம்பித்தான் சென்னையில் எதையும் நட முடியும். வண்டி வரவில்லை. தொலைபேசி செய்தால் எடுக்கவும் இல்லை. ஐப்பசியில் முதல் பெருமழை கொட்டி முடித்த பிறகு, சேறு கால் புதைகிற நாளில், ஒரு குட்டி யானை வண்டியில் எல்லாம் ஒன்றாக வந்து இறங்கியது. இறக்குவதற்கு ஆள் அனுப்பவில்லை. எங்கள் காவலாளியும் தோட்டக்காரரும் முழங்கால் சேற்றில் சுமந்தார்கள்; அவர்களுக்கு நாங்கள்தான் கூலி கொடுத்தோம்.

அடுத்து, காவட்டம்புல் வந்த பைகளில் சிலவற்றில் பார்த்தீனியம் முளைத்தது. மண்ணோடு விதை வந்திருக்கிறது. உள்ளூர்த் தாவரங்கள் என்று பெயர் வாங்கிய இடத்திலிருந்து, தோலில் அரிப்பும் மூச்சுத் தொல்லையும் கொடுக்கிற அயல் களை வந்தால் கோபம் வராதா? படம் எடுத்து அனுப்பினேன். மறுநாளே பையன் ஒருவனை அனுப்பிப் பூக்கும் முன் வேரோடு பிடுங்கிக்கொண்டு போனார்கள். பைகளுக்குக் காசையும் திருப்பிக் கொடுத்தார்கள். அதை ஏற்றுக்கொண்டேன். ஆனாலும் நீங்கள் வாங்கும்போது பையின் மேல்மண்ணை இரண்டு விரல் ஆழம் கிளறிப் பார்த்து வாங்குங்கள்.

பெயர்ச்சீட்டுகள் படுமோசம். பேனாவில் எழுதி ஒட்டுகிறார்கள். ஒரு மழையில் கரைந்துவிடுகிறது. களாவையும் காரையையும் முள்ளைப் பார்த்து நான் பிரித்துவிடுவேன். எல்லாராலும் முடியுமா? குச்சியில் பெயின்ட்டால் எழுதித் தர எவ்வளவு செலவாகப்போகிறது?

விலை: புல் குத்து பதினைந்து ரூபாய், புதர்ச் செடிகள் ஐம்பதிலிருந்து நூறு, மரக்கன்று எண்பதிலிருந்து இருநூறு. வீரையும் உலக்கைப்பாலையும் மட்டும் முந்நூற்றைம்பது. விரல் உயரக் கன்றுக்கு இந்த விலையா என்று பொருளாளர் முகம் சுளித்தார். அந்த இரண்டும் வளர எடுத்துக்கொள்ளும் காலத்தைக் கணக்குப் பார்த்தால் நியாயமான விலைதான். வேகமாக வளர்ந்து வர்தாவில் சாய்ந்த மரங்களை எல்லாரும் பார்த்தோமே.

வாங்குவதற்கு முன் வீட்டில் உள்ளவர்களிடம் ஒன்றைச் சொல்லி வைத்துவிடுங்கள். மாசி பங்குனிக்குள் மேட்டுப் புல் முழுவதும் வைக்கோல் நிறத்துக்குப் போய்விடும். செத்துவிட்டது, பணம் வீண் என்று எங்கள் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வாரம் அமளி. குத்தின் அடியைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே பச்சை இருக்கும். ஜாம்பியாவில் வறண்ட காலத்தின் தொடக்கத்திலேயே காவலர்கள் அளவாகத் தீ வைத்துப் பழைய புல்லைக் கழிப்பார்கள். நம் குடியிருப்பில் அதற்கு வழியில்லை. விதை கொட்டிய பிறகு அரிவாளால் ஒரு சாண் உயரம் விட்டு அறுத்துவிட்டால் போதும். அறுத்ததை அங்கேயே போடாமல் அள்ளிவிட வேண்டும். நர்சரிக்காரர் இதைக் கேட்டால்தான் சொல்கிறார். கேட்காதவர்கள் தண்ணீர் ஊற்றி ஊற்றி அழுகவிடுகிறார்கள்.

போகிறவர்கள் காலை ஒன்பதுக்குள் போய்விடுங்கள். பதினொரு மணிக்கு மேல் அவர் விதை பொறுக்கக் கிளம்பிவிடுவார், கடையில் இருக்கும் பையனுக்கு விலை மட்டும்தான் தெரியும். கழிப்பறை வசதி இல்லை. கூகுள் பே உண்டு, ஆனால் அங்கே சிக்னல் கிடைப்பதில்லை, பணமாகக் கொண்டுபோங்கள். ஒரு பிடி உங்கள் வீட்டு மண்ணையும் பொட்டலம் கட்டி எடுத்துப் போனால், நில ஆய்வுக்குப் பணம் கட்டாமலே பாதி பதில் கிடைக்கும்.